கீழ் அளவு சரியாக இருந்தால் போதுமா?

(அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற முகாமுக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பி.பி. பார்த்ததில் 168/70. "கீழே 70தானே தம்பி, நார்மல்தான். மேலே உள்ளது வயசுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மருத்துவரைப் பார்க்காமலே புறப்பட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். நம் வீடுகளில் பலருக்கும் இதே எண்ணம்தான். அதனால் இன்று இதைப் பற்றியே பேசுகிறோம்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் அளவு. அது ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் அளவு. நல்ல இரத்தக்குழாய் ரப்பர் போல விரிந்து கொடுக்கும். வயதும் சர்க்கரையும் சேர்ந்து அதை விறைக்க வைக்கின்றன. அப்போது மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40 அளவில் இருப்பது இயல்பு. 60-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு 98!

இதயம் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. குழாய் விறைத்தால் அதற்கு வேலை கூடுகிறது, கிடைக்கும் இரத்தம் குறைகிறது. எனவே கீழ் அளவு குறைந்திருப்பதை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய முடியாது.

இது எங்கோ உள்ளவர்களின் பிரச்சினை அல்ல. நம் தி.நகர் பாரதி நகரிலும் திருமங்கலத்திலும் 1,262 பேரை வைத்து டாக்டர் வி. மோகன் குழுவினர் ஆய்வு செய்தார்கள். 2001-இல் வெளியான அதன் முடிவு இது: சர்க்கரை இல்லாதவர்களில் 100-க்கு 9 பேருக்கு இதயநோய், சர்க்கரை உள்ளவர்களில் 100-க்கு 21 பேருக்கு.

ஆனால் பயப்பட வேண்டாம். 1998-இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சராசரி பி.பி.யை 154/87-க்குப் பதிலாக 144/82-இல் வைத்ததிலேயே, சர்க்கரை தொடர்பான மரணம் 32 விழுக்காடும் பக்கவாதம் 44 விழுக்காடும் குறைந்தன. மேல் அளவில் வெறும் 10 குறைந்ததற்கே இந்தப் பலன்! இன்று பெரும்பாலோருக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 130/80-க்குக் கீழ். முதியவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

சர்க்கரை பார்க்கும்போதெல்லாம் பி.பி.யும் பாருங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பு டீ, காபி, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருங்கள். இரண்டு முறை பாருங்கள்.

ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா? மருத்துவரிடம் சொல்லி, நின்ற நிலையிலும் பி.பி. பாருங்கள்.

ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பைக் குறையுங்கள்.

"இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நேரம் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, மயக்கம் வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பெரியவருக்கு மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மேல் அளவு இறங்கி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும், இரண்டும் நபிவழிதான். இன்று வீட்டுக்குப் போனதும் அத்தா, அம்மாவின் பி.பி. நோட்டை எடுத்து, கீழ் எண்ணோடு மேல் எண்ணையும் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.