ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு



கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது. அதனை முதியோர் பலர் கண்ணாரக் கண்டவர்கள். எழுத்தறியாதவன் பிறர் படித்துச் சொல்வதை நம்பியே கைநாட்டு வைக்க வேண்டும். அந்நிலையின் துன்பத்தை உங்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு அது வாராதிருக்க, அவர்கள் பள்ளிக்குச் சென்றால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலால் சுட்டிக் கேட்டாலோ விழிக்கிறான். குற்றம் அவனுடையதன்று. 247 எழுத்துக்களையும் ஒப்பித்த பின்னரே சொல்லுக்கு வரலாம் என்று நாம் வைத்துக்கொண்டதே பிழை. ட, ப, ம ஆகிய எளிய வடிவங்களையும் புள்ளியையும் காட்டினால், ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று அவன் அன்றே படித்துவிடுவான். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதிலோ குறி இருபுறமும் நிற்கிறது. பிள்ளைகள் தடுமாறும் இவ்விடங்களில் பொறுமையுடன் பழக்க வேண்டும்.

அறிந்த சொல்லிலிருந்து தொடங்குவது நன்று. சாமை, தினை, கடுக்காய், மரவள்ளி ஆகியவை மலைப்பிள்ளை நாள்தோறும் காண்பவை. எழுத்தைக் கூட்டி ‘சாமை’ என்று சொன்னவுடன் பொருள் மனத்தில் தோன்றுகிறது. படிப்பு என்பது இதுவே என்று அவன் கண்டுகொள்கிறான்.

தமிழக அரசு 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் தோன்றிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தது. பிள்ளையின் வகுப்பைப் பாராது, அவன் நிற்கும் படியைப் பார்த்து நூல் தருவதே இதன் பயன். இந்நூல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது. கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல். அதற்காக ஆசிரியர் அஞ்ச வேண்டுவதில்லை.

தாய்மார்களே, உங்களுக்கு எழுத்துத் தெரியாதிருக்கலாம், காது இருக்கிறது. மாலையில் கால்மணி நேரம் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, “கதையில் என்ன நடந்தது?” என்று வினவுங்கள். ஒப்பித்தவன் தயங்குவான், படித்தவன் சொல்லுவான். பிழைப்புக்காக வெளியூர் செல்லுங்கால் பிள்ளையை உடனழைத்துச் செல்லாதீர்கள். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையிலேயே இருக்கின்றன. சில திங்கள் விட்டுப்போனால், கற்ற எழுத்தும் மறந்துபோகும்.

நம் பிள்ளை, தன் பெயர் எழுதிய தாளைத் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் நாள் வரவேண்டும். அதற்கு இன்று மாலையே தொடங்குவோம்.