கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்



ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள இந்த எமரால்டில் மேடை ஏறுகிறவர் அணையைப் பற்றிப் பேசுவார், கேரட் விலை, பசுந்தேயிலை விலை பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது உங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு நாம் என்ன துணை செய்திருக்கிறோம் என்பதைப் பற்றி.

இந்த ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க இரண்டு ஆண்டு ஆசிரியர் பட்டயப் படிப்பு வேண்டும், அதன் மேல் தகுதித் தேர்வு வேண்டும். பத்தாம் வகுப்பு எடுக்க பி.எட். வேண்டும். படிக்கும் காலத்திலேயே ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். அதைப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் பார்த்து, நிறை குறை சொல்ல வேண்டும். அதே பள்ளியில் படித்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகிறது. அங்கே நிற்பவரிடம் முதுகலைப் பட்டம் இருக்கும், நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி இருக்கும், முனைவர் பட்டமும் இருக்கலாம். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிக் கேள்விகள் உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் மார்க் வந்துவிடும். ஒரு வகுப்பை எடுத்துக் காட்டுங்கள் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. வேதியியலில் ஆழ்ந்த படிப்பு உள்ளவர், வேதியியலைப் பிறருக்குப் புரிய வைக்கவும் தானாகவே கற்றுக்கொண்டிருப்பார் என்று நாம் வைத்துக்கொண்டோம்.

நம் நாட்டில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் தன் அறிக்கையைத் தந்தது. பள்ளி ஆசிரியர்களுக்கும் இண்டர்மீடியட் கல்லூரி ஆசிரியர்களுக்கும் புத்தாக்கப் பயிற்சிகள் நடத்த வேண்டும் என்று அன்றே அது சொன்னது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 1987இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர நாடு முழுக்க அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. நம் கல்லூரிகள் இணைந்திருக்கும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் ஒன்று வந்தது. 2015இல் அவற்றுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023இல் மாளவியா மிஷன் என்று மறுபடி மாறியது.

பெயர்ப்பலகைகள் மாறின. மாறாமல் இருப்பது ஒரு பழக்கம். அங்கே நடக்கும் ஓரியண்டேஷனும் ரெஃப்ரெஷர் கோர்ஸும் பதவி உயர்வோடு கட்டப்பட்டிருக்கின்றன. அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் இந்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஆகவே ஆசிரியர்கள் போகிறார்கள், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆன்லைனில் உட்கார்கிறார்கள். நல்ல அறிஞர்கள் வந்து பேசுகிறார்கள். அதில் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கற்பித்தலைப் பற்றிய அந்தப் பயிற்சியும் உரையாகவே நடக்கிறது. அது முடிந்து திரும்பிய ஆசிரியர் திங்கட்கிழமை காலை தன் வகுப்புக்குள் நுழையும்போது பழையபடி தனியாகத்தான் நுழைகிறார்.

அந்த வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1955இல் ஊட்டியில் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியின் ஒரு பெஞ்சில் வீட்டில் படுகு பேசும் பிள்ளை இருக்கும். பக்கத்தில் கோத்தர் வீட்டுப் பிள்ளை, இருளர் வீட்டுப் பிள்ளை. இலங்கையோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்து இந்த மலையில் தேயிலை பறித்தவர்களின் பேரப்பிள்ளை. பலர் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரிப் பாடப்புத்தகமோ ஆங்கிலத்தில். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அநேகம். அவர்கள் முன்னால் நிற்பவர் பெரும்பாலும் சமவெளியிலிருந்து பணிமாறுதலில் வந்தவர். பாதிப்பேருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது, போர்ஷனும் முடிக்க வேண்டும். என்ன செய்வார்? நோட்ஸ் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். செமஸ்டர் தேர்வு வந்ததும் அரியர் விழும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்வீர்கள். ஸ்டாண்டர்ட் குறைந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள்.

இந்த ஊர் உருளைக்கிழங்கு விளைந்த ஊர். ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். ஊட்டி போகும் வழியில் முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடி வாடி, கிழங்கு சிறுத்துப் போவதை மேலிருந்து பார்க்கிறவர் உரம் போதவில்லை என்பார், மண் களைத்துவிட்டது என்பார். 1961இல் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து அறிஞர் இந்த மலைக்கு வந்து பார்த்தபோதுதான், வேரில் ஒட்டியிருந்த நூற்புழுவின் முட்டைக்கூடு தெரிந்தது. அதன் பிறகே பயிர்ச் சுழற்சி, எதிர்ப்புத் திறன் கொண்ட குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்கள் எல்லாம் வந்தன. தினமும் அதே நிலத்தில் நிற்பவரின் கண்ணுக்குப் படாததைப் பார்க்க, தெரிந்த இன்னொருவர் நிலத்துக்குள் இறங்கி வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

கல்லூரி வகுப்பறைக்குள் அப்படி இறங்குபவர் யாருமில்லை. முப்பது ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெறுகிறார் ஒருவர். ஒரு நாள்கூட சக ஆசிரியர் எவரும் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. கல்லூரியைத் தரமதிப்பிட நாக் குழு வந்த அன்று எட்டிப் பார்த்திருந்தால் உண்டு. செமஸ்டர் முடிவில் ஃபீட்பேக் ஃபார்ம் கொடுக்கிறார்கள். அது அந்த வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு, ஃபைலுக்குப் போய்ச் சேருகிறது.

பாடம் நடத்தும் முறை மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2014இல் அமெரிக்காவில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில், மாணவர் தோற்கும் வாய்ப்பு, பிள்ளைகளும் பங்கெடுக்கும் வகுப்பைவிட ஒன்றரை மடங்கு. பிள்ளைகளைப் பேச விட்டு, கணக்கைத் தாங்களே போடவிட்டு, பக்கத்திலிருப்பவருக்கு விளக்கச் சொல்லி நடத்திய வகுப்புகளில் அந்தத் தோல்வி குறைந்தது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர், தன் மாணவர்கள் கணக்குகளைச் சரியாகப் போட்டும் அடிப்படைக் கருத்தைப் பிடிக்கவில்லை என்று ஓர் எளிய வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பிறகு தன் பாட முறையையே மாற்றினார். அவருக்கே அது தானாகத் தெரியவில்லை என்றால், சேர்ந்து ஆறு மாதம் ஆன உதவிப் பேராசிரியரிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்?

அமெரிக்காவரை போக வேண்டாம், கடல் தாண்டினால் இலங்கை. கொழும்புப் பல்கலைக்கழகம் 1997இல் ஆசிரியர் மேம்பாட்டுக்கென்று தனி மையம் வைத்தது. அங்கே தகுதிகாண் விரிவுரையாளராகச் சேருகிறவர், உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய பயிற்சியை முடித்தால்தான் பணி உறுதியாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய மையம் உண்டு. நம்மைவிடச் சிறிய நாடு, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இதைத் தொடங்கியது.

நம் கல்லூரிகளில் இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். புதிதாகச் சேருகிறவருக்கு முதலாண்டு வகுப்பு நேரத்தைக் குறையுங்கள். வாரம் 16 மணி நேரம் என்பது அனுபவம் உள்ளவருக்கே நெருக்கடி. மிச்சமாகும் நேரத்தில் அவர் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காரட்டும். மூத்தவர் இவர் வகுப்பில் உட்காரட்டும். பார்த்ததை இருவரும் ஒரு டீ குடித்தபடி பேசிக்கொள்ளட்டும். அது ஹெச்.ஓ.டி. மேஜைக்கும் போகக் கூடாது, பதவி உயர்வு ஃபைலுக்கும் போகக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண் போடப்படும் என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் தன் சங்கடத்தைத் திறந்து காட்ட மாட்டார். ஆறாவது வாரத்திலேயே பிள்ளைகளிடம், எது புரிகிறது எது புரியவில்லை என்று பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மீதிப் பாடத்தை அதற்கேற்ப மாற்ற நேரம் இருக்கும்.

கௌரவ விரிவுரையாளர்களை விட்டுவிட்டு இதைச் செய்யவே முடியாது. அரசுக் கல்லூரி வகுப்புகளில் பெரும் பங்கை எடுப்பவர்கள் அவர்கள். பதவி உயர்வே இல்லாத அவர்களுக்குப் பதவி உயர்வோடு கட்டிய பயிற்சியால் என்ன பயன்? நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் அவர்களுடைய உரிமை. அது கிடைக்கும்வரை பயிற்சிக்குப் போகும் நாட்களில் அவர்கள் சம்பளத்தைப் பிடிக்காமலாவது இருக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடம் குறை காண நான் வரவில்லை. யாரும் சொல்லித்தராமலே இந்த மலையில் அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்புக் கதவை ஒரு சக ஆசிரியருக்குத் திறந்து விடுங்கள். பெற்றோர்களே, கல்லூரிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் தோட்ட வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். ஃபீஸையும் ஹாஸ்டலையும் பற்றிக் கேட்ட பிறகு, புதிதாக வந்திருக்கும் வாத்தியாருக்குப் பாடம் நடத்த யார் துணை நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். வரும் செமஸ்டரிலேயே கேளுங்கள்.