ஹெலிகாப்டர் பெருகியது, ஆள் குறைந்தது



காட்டுத்தீயை அணைக்கவும், கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகவும், வடக்கே மாடு வளைக்கவும் ஆஸ்திரேலியாவில் இன்று ஹெலிகாப்டர் பறக்கிறது. யந்திரத்தை நாம் வெறுப்பவர்களல்ல. ஆனால் யார் தலையில் இந்தத் தொழில் வளர்ந்தது என்று கேட்க வேண்டாமா?

வடக்குப் பிரதேசத்துப் பண்ணைகளில் குதிரை மேலிருந்து மாடு வளைத்தவர்கள் ஆதிக்குடி மக்கள். 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் பண்ணையிலிருந்து, வின்சென்ட் லிங்கியாரி தலைமையில், குரிண்ட்ஜி மக்கள் சுமார் 200 பேர் வெளியேறினார்கள். கூலி கேட்டார்கள், பறிபோன நிலத்தையும் கேட்டார்கள். 1968 டிசம்பரில் சட்டப்படி சம கூலி அமலாயிற்று. பண்ணை முதலாளிகள் என்ன செய்தார்கள்? கூலி கொடுக்க மனமில்லாமல் குடும்பம் குடும்பமாக மக்களை வெளியேற்றினார்கள். வேலியும் லாரியும் ஹெலிகாப்டரும் அவர்கள் இடத்தைப் பிடித்தன. 1979ல் விற்பனைக்கு வந்த ராபின்சன் ஆர் 22ல் இரண்டே பேர்தான் உட்காரலாம். பல குதிரைக்காரர்களின் வேலையை அது ஒன்றே செய்கிறது.

சரி, அதை ஓட்டுகிறவராவது சுகமாயிருக்கிறாரா? தொழில்முறை லைசென்சுக்குக் குறைந்தது 100 மணி நேரம் பறந்து பழக வேண்டும். பெரும்பாலும் சொந்தக் காசு, இல்லையேல் கடன். லைசென்சு வந்த பிறகும் "அனுபவம் போதாது" என்பார்கள். பெட்ரோல் ஊற்றி, யந்திரம் கழுவிக் காத்துக் கிடக்கிறார் இளைஞர். அதே வாயால் கம்பெனிகள், அனுபவமுள்ள விமானிகள் கிடைக்கவில்லை என்று புலம்புகின்றன! பழக்குவதற்குக் காசு கொடுக்காதவர்களுக்குப் பழகிய ஆள் மட்டும் வேண்டுமாம்.

பயிற்சிச் செலவை முதலாளிகளே ஏற்க வேண்டும். குதிரையிலிருந்து இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விமானி இருக்கையில் இடம் வேண்டும். இதுவே நமது கோரிக்கை.