தனியாகவே பழகிய மனசு



நம் வீடுகளில் ஒரு பெண்ணைப் பாராட்டும்போது அடிக்கடி சொல்வோம்: "அவ யாரையும் எதிர்பார்க்க மாட்டா. எல்லாத்தையும் தானே பாத்துக்குவா." ஆண்பிள்ளை என்றால், "எவ்வளவு கஷ்டம் வந்தாலும் வாய் திறக்க மாட்டான்" என்போம். கல்யாணத்துக்கு முன்னால் இது நல்ல பெயர்தான். ஆனால் இதே குணத்தால் சில வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரியாமலே பத்து வருஷம் குடித்தனம் நடத்திவிடுகிறார்கள். அந்தக் குணத்தைப் பற்றியும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொள்வது பற்றியும் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவளாகப் பிறந்து, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைத் தன் சம்பளத்தில் கட்டியவள் இருக்கிறாள். விடுதி அறையில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, போனில் அம்மாவிடம் "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேன்" என்று சொன்னவள் அவள். வளைகுடாவில் சம்பளம் வராத மாதத்திலும், அறை நண்பனிடம் கடன் வாங்கி ஊருக்குப் பணம் அனுப்பியவன் இருக்கிறான். முதல் கல்யாணம் முறிந்த பிறகு, பிள்ளையைத் தனியாக வளர்த்து, பல வருஷம் கழித்து மறுமணத்துக்குச் சம்மதித்தவள் இருக்கிறாள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை இவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அம்மா அழுவாள். சொந்தக்காரர்கள் ஊர் முழுக்கப் பேசுவார்கள். உதவி செய்தவர் அதைக் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார். அதனால் சொல்லாமல் இருக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம்தான் அவர்களைக் கரை சேர்த்தது.

சிக்கல் எங்கே வருகிறது? கோயம்புத்தூரில் வங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதைத் தாண்டிக் கல்யாணம் ஆனவள். கணவன் நல்லவர். ஒருநாள் குளிக்கும்போது மார்பில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே ஆட்டோ பிடித்துப் போய் ஸ்கேன் எடுக்கிறாள். ஊசி வைத்துத் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர நாலைந்து நாளாகும். அந்த நாள்களில் காலையில் தோசை வார்க்கிறாள், டிபன் கட்டிக் கொடுக்கிறாள், வேலைக்குப் போய் வருகிறாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வருகிறது. அடுத்த வாரம் பேச்சோடு பேச்சாக அதைக் கணவனிடம் சொல்கிறாள். அவர் முகம் சுருங்கிவிடுகிறது. "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்கிறார். இவளுக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க வீண் டென்ஷன்னுதான்" என்கிறாள்.

இரண்டு பேர் பேச்சிலும் பொய் இல்லை. அவள் அக்கறையால்தான் மறைத்தாள். அவருக்கோ, "நீ எனக்குத் தேவைப்படவில்லை" என்று அவள் சொன்னதாகக் காதில் விழுந்தது. பயந்து கிடந்த இரவுகளை அவள் தனியாக வைத்துக்கொண்டாள். அவருக்குக் கொடுத்தது சோதனை முடிவை மட்டும். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் அது செய்தி. முடிவு தெரியாமல் தவிக்கும்போது சொன்னால்தான் மற்றவரும் அதில் பங்கெடுக்க முடியும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: மனசைத் திறப்பதில் எதைச் சொல்கிறோம் என்பதைவிட எப்போது சொல்கிறோம் என்பது பெரிது.

தனியாகத் தாங்குகிறவர்களுக்கு வலி குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் உடம்பு அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியல் அறிஞர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். பழக்கமில்லாத ஓர் அறையில் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் சற்று நேரம் வெளியே போவார். பிறகு திரும்பி வருவார். பல குழந்தைகள் தாயைத் தேடின, அவர் வந்ததும் போய் ஒட்டிக்கொண்டு அமைதியாயின. சில குழந்தைகள் அழவே இல்லை. தாய் திரும்பி வந்தபோதும் நிமிர்ந்து பார்க்காமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தன. நாம் பார்த்திருந்தால் "எவ்வளவு சமத்து!" என்றிருப்போம். 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பற்றி எழுதினார்கள். அழாத குழந்தையின் நெஞ்சும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. தவிப்பு உள்ளேயே இருந்தது, முகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களிடமும் இது உண்டு. 1987இல் சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர், டென்வர் நகரச் செய்தித்தாள் ஒன்றில் கேள்விகளை வெளியிட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். ஒருவரோடு நெருங்குவதும், ஒருவரை நம்பி இருப்பதும் தங்களுக்குச் சங்கடம் என்று ஏறக்குறைய நான்கில் ஒருவர் சொன்னார். ஆகவே உங்களுக்கு இந்தச் சுபாவம் இருந்தால், நீங்கள் தனி ஆள் இல்லை. இது நோயும் இல்லை. பின்னால் அமைகிற நல்ல உறவுகளால் இது மாறவும் செய்யும்.

சரி, சொல்வதால் என்ன கிடைக்கும்? "அவர்கிட்ட சொன்னா மட்டும் கட்டி கரைஞ்சிடுமா?" என்று அந்த வங்கிப் பெண் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் திருமணமான 16 பெண்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கணுக்காலில் லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை காட்டப்பட்டது. ஒரு முறை யார் கையும் இல்லை. ஒரு முறை முன்பின் தெரியாதவர் கை. ஒரு முறை கணவனின் கை. கணவனின் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்தைக் கண்டு பதறும் மூளைப் பகுதிகள் நன்றாக அடங்கியிருந்தன. இணக்கமான தம்பதிகளிடம் இன்னும் அதிகமாக அடங்கின. அந்தக் கணவன் அதிர்ச்சியைத் தடுக்கவில்லை, யோசனை எதுவும் சொல்லவில்லை. கையைக் கொடுத்துவிட்டுக் கூட இருந்தார். நமக்கும் துணையிடம் பெரும்பாலும் தேவைப்படுவது அவ்வளவுதான்.

இதை எப்படிப் பழகுவது? பெரிய ரகசியத்தில் ஆரம்பிக்க வேண்டாம். சின்ன வயதில் பட்டதை எல்லாம் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "நாளைக்கு ஆடிட்டிங். நினைச்சாலே பயமா இருக்கு." இது போதும். கேட்பவர் பதறுவாரோ என்று தோன்றினால், "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா கேளுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். தனியாகவே பழகியவர்களுக்குச் சொல்ல ரொம்பக் கஷ்டமான வாக்கியம் ஒன்று உண்டு: "என் கூட வர்றீங்களா?" தனியாகப் போக முடிகிற இடத்துக்கும் எப்போதாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று கோபம். பயத்தைக் காட்டத் தெரியாதவர்கள் அதைக் கோபமாகத்தான் காட்டுவார்கள். "போன் எடுக்க மாட்டீங்களா? என்னதான் நினைச்சுட்டிருக்கீங்க?" என்று கத்துவதற்குப் பதில், "நீங்க போன் எடுக்கலன்னதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு" என்று சொன்னால், அதே சங்கதி எதிராளிக்கு வேறு விதமாகப் போய்ச் சேரும். இதற்கு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதும் இல்லை. மாமனார் மாமியாரோடு இருக்கும் வீட்டில் அதற்கு இடமும் கிடைக்காது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதோ சொல்லலாம். முகத்தைப் பார்க்காமல் சொல்வது பலருக்குச் சுலபம்.

சொல்வதில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி கேட்பவர் கையில். ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சாதாரண வீடு போலவே அமைத்த ஆய்வுக்கூடத்தில் புதுமணத் தம்பதிகளைக் கவனித்தார். ஒருவர் ஏதோ சொல்லிக் கூப்பிடும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று கணக்கெடுத்தார். ஆறு வருஷம் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் 100க்கு 86 முறை அப்படித் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறைதான்.

ஆகவே, கேட்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உடனே யோசனை சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? எங்கம்மா படாத கஷ்டமா?" என்று ஒப்பிடாதீர்கள். அதைவிட முக்கியம், ராத்திரி உங்களிடம் சொன்னது காலையில் அடுப்பங்கரைப் பேச்சாகக் கூடாது. அம்மாவிடமும் அக்காவிடமும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வீர்கள், ஆனாலும் சொல்லாதீர்கள். அடுத்த சண்டையில் அதை எடுத்துக் குத்தவும் கூடாது. பல வருஷம் வாய் திறக்காமல் இருந்தவர் ஒரு தடவை திறந்து சூடுபட்டால், மறுபடி திறப்பது ரொம்பக் கடினம்.

சில தம்பதிகள், "எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்கும்போது எனக்குச் சற்று யோசனையாக இருக்கும். திருவள்ளுவர் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களையும் ஊடலுக்கே கொடுத்தார். 1330 குறள்களும் ஊடலின் இன்பத்தைச் சொல்லித்தான் முடிகின்றன. அளவோடு இருக்க வேண்டும் என்பதற்காக அதை உப்புக்கு ஒப்பிட்டவரும் அவர்தான். ஊடுவதற்கு எதிர்பார்ப்பு வேண்டும். "நீ வருவாய் என்று இருந்தேன், நீ வரவில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், நீ எனக்கு வேண்டும் என்பதைத்தான் சொல்கிறார். யாரையும் எதிர்பார்க்காதவருக்கு ஊடத் தெரியாது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அந்த வீட்டில் சண்டை இல்லாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நான் சொல்வதெல்லாம் அடி, மிரட்டல், அவமானம் இல்லாத வீட்டுக்குத்தான். அவை இருக்கும் வீட்டில் மனசைத் திறக்கச் சொல்வது பாவம். அங்கே பெண்களுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. அதற்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. நல்ல வீட்டிலும் மனசைத் திறப்பதற்காக வேலையையோ, உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கையோ, தனியாகப் பேருந்து ஏறிப் போகும் தைரியத்தையோ விட வேண்டியதில்லை. தன் காலில் நிற்கத் தெரிந்தவர் சாய்ந்துகொள்ளவும் பழகலாம். அதனால் நிற்பது மறந்துபோகாது.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஏதாவது நிச்சயம் இருக்கும். அது சரியாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். சரியாவதற்கு முன்பே அதை உங்கள் துணையிடம் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது அப்படிச் சொல்ல வந்தால், கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.