அறிவுரையை எடைபோடுவோம்
(இளையர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பணியில் இருப்போர் முகநூலிலும் லிங்க்ட்இன்னிலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இன்று ஆளுக்கோர் அறிவுரை கூறுகிறார்கள். அவற்றுள் எது பயன்படும்? பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

"நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்துக்கொள், போதும்" என்றார் ஒருவர். அப்படியே வைத்தேன். ஓரிரவு, வாடிக்கையாளர் ஒருவர்மீது கொண்ட சினத்தில், பெயர் சொல்லாமல் நான்கு வரி எழுதினேன். அந்த நண்பர்களுள் ஒருவரே அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வாண்டுப் பதவி உயர்வும் போயிற்று.

அன்றுமுதல் எந்த அறிவுரையையும் மூன்று கேள்விகளால் எடைபோடுகிறேன்.

ஒன்று: காரணம் சொல்கிறதா?

இரண்டு: இந்நாட்டுக்குப் பொருந்துமா? அமெரிக்காவில் தனியார் துறை ஊழியர்கள் சம்பளம், வேலை நிலைமை பற்றித் தமக்குள் பேசிக்கொள்ள 1935ஆம் ஆண்டுச் சட்டமொன்று பாதுகாப்பளிக்கிறது. அங்குள்ளோர்க்குச் சொன்னதை நம்பிச் சிங்கப்பூரில் எழுதலாகாது.

மூன்று: சினம் தலைக்கேறிய வேளையில் கைகொடுக்குமா?

மூன்றிலும் தேறியது, கடிதக் காலத்தில் என் அன்னையார் சொன்னதுதான்: "கோபத்தில் எழுதியதை, விடிந்து விளக்கேற்றிப் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் போடு. இரவுக் கோபம் காலையில் இருக்காது."

வள்ளுவப் பெருந்தகை 19ஆம் அதிகாரத்தில் புறங்கூறாமையையும், அடுத்து 20ஆம் அதிகாரத்தில் பயனில சொல்லாமையையும் வைத்தார். இளையர்களே, அவ்விரண்டையும் படியுங்கள். நாவையும் விரலையும் காக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.