வெர்மான்ட்டில் குடியேறலாமா?



பாஸ்டன், நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வாழும் நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அப்புறம் எதற்கு இந்த வாடகை, இந்த நெரிசல்? மலையும் காடும் உள்ள ஒரு மாநிலத்துக்குப் போய்விடலாமே!" அந்தப் பேச்சில் அடிபடும் பெயர்களில் ஒன்று வெர்மான்ட். அங்கே போய்க் குடியேறுவது நமக்கு ஒத்துவருமா என்று எப்படி முடிவெடுப்பது? இன்றைய உரை அதைப் பற்றியது.

வெர்மான்ட், அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் சிறிய மாநிலம். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே சுமார் 6,43,000தான். அங்குள்ள பெரிய நகரமான பர்லிங்டனில் 45,000 பேர்கூட இல்லை. தலைநகர் மான்ட்பீலியரில் சுமார் 8,000 பேர். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் அதைவிடச் சிறியது வேறு இல்லை. மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 65 பேர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள். ஐம்பது மாநிலங்களில் இதுதான் அதிக விகிதம். நிலத்தில் முக்கால் பங்குக்குக் காடு. சாலையோர விளம்பரப் பலகைகளை 1968-லேயே சட்டம் போட்டு விலக்கிய மாநிலம் அது. அந்தச் சாலைகளில் ஒருமுறை வண்டி ஓட்டியவர்களுக்கு, இங்கேயே இருந்துவிடலாமா என்று தோன்றாமல் இருக்காது.

அந்த மாநிலமும் ஆட்களை வேண்டி நிற்கிறது. சராசரி வயது கூடிய மாநிலங்களில் அதுவும் ஒன்று. இளைஞர்கள் வெளியே போகிறார்கள், பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். அதனால்தான் 2018-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வெளிமாநில நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, 2019 முதல் வெர்மான்ட்டில் வந்து குடியேறுகிறவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை செலவுத் தொகை தருவதாக அறிவித்தார்கள். மேற்கு வர்ஜீனியாவிலும் 2021-இல் 12,000 டாலர் தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. இத்தகைய தொகை இடம் மாறும் செலவுக்கு உதவும். வாழ்க்கை ஒத்துவருமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நகரத்தை விட்டு வெர்மான்ட்டுக்குப் போகும் ஆசை புதிதும் அல்ல. 1932-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, ஸ்காட் நியரிங், ஹெலன் என்ற இணையர் நியூயார்க் நகரத்தை விட்டு அங்கே போனார்கள். கல்லால் வீடு கட்டினார்கள், காய்கறி விளைவித்தார்கள், மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி விற்றார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்துவிட்டு, பிறகு மெய்ன் மாநிலத்துக்குப் போனார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர்கள் 1954-இல் வெளியிட்ட 'லிவிங் த குட் லைஃப்' என்ற நூல் 1970-இல் மறுபதிப்பு கண்டது. அதைப் படித்த இளைஞர்கள் பலர் மண்ணை நோக்கிக் கிளம்பினார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் அங்கேயே வேரூன்றி, அந்த மாநிலத்தின் முகத்தையே மாற்றினார்கள். சில குளிர்காலங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. காட்டையும் மலையையும் இரு தரப்பாரும் ஒரே அளவுக்குத்தான் நேசித்தார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே வந்தது?

அன்றாட வேலையில் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கழிவுநீர் எங்கோ போய்விடுகிறது. குப்பை வண்டி வாசலுக்கே வருகிறது. எல்லாவற்றையும் யாரோ செய்கிறார்கள், நாம் கட்டணம் கட்டுகிறோம். வெர்மான்ட்டின் கிராமப்புறத்தில் இந்த வேலைகளில் பெரும்பங்கு வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடும். தண்ணீர் பெரும்பாலும் நம் நிலத்திலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். அதில் கிருமி இருக்கிறதா, ஆர்செனிக் இருக்கிறதா என்று நாம்தான் சோதனைக்கு அனுப்ப வேண்டும். செப்டிக் டேங்கைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாம்தான் ஆள் வைத்துக் காலி செய்ய வேண்டும். குப்பையைச் சேர்த்து வைத்து, ஊர்க் குப்பை நிலையத்துக்கு நாமே கொண்டுபோகும் வீடுகள் ஏராளம். உணவுக் கழிவைக் குப்பையோடு போடக் கூடாது என்பது 2020 ஜூலை முதல் அங்கே சட்டம். வீட்டிலேயே உரமாக்கலாம் என்றால், அந்த வாசனைக்குக் கரடி வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூடேற்றுவது எப்படி என்று பாருங்கள். குழாய் வழி எரிவாயு மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் ஹீட்டிங் ஆயில், புரோப்பேன், மின் ஹீட் பம்ப், விறகு. விறகு என்றால், இந்தக் குளிருக்கு எரிக்க வேண்டியதைக் கடந்த ஆண்டே பிளந்து அடுக்கிக் காயவைத்திருக்க வேண்டும். ஈர விறகில் சூடு குறைவு, புகை அதிகம். புகைபோக்கிக்குள் பிசின்போல் கரி படிந்து, அதிலேயே தீப்பிடிக்கவும் கூடும். பனிப்புயலில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்விட்டால், கிணற்று மோட்டார் நின்று தண்ணீரும் போய்விடும். எண்ணெய் பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும். அந்த நேரத்தில் விறகடுப்பு உள்ள வீடு தாக்குப்பிடிக்கும், இல்லாத வீடு ஜெனரேட்டரைத் தேடும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஆசை இருக்கிறதா? உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இருக்கிறதா? இருவரில் ஒருவர் வேலை நிமித்தம் வெளியூர் போயிருக்கும் வாரத்தில், மற்றவர் தனியாகச் சமாளிக்க முடியுமா?

அடுத்து, எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது? பெரும்பாலானவர்கள் அக்டோபரில் போகிறார்கள். இலைகள் சிவந்து பொன்னாகி, மலை முழுவதும் மணக்கோலத்தில் நிற்கும் நேரம் அது. கோலம் கலைந்த பிறகும் போய்ப் பாருங்கள். நவம்பரில் இலை உதிர்ந்திருக்கும், பனி வந்திருக்காது, மான் வேட்டைக் காலம் நடந்துகொண்டிருக்கும். வெறும் கொம்புகளாக மரங்கள் நிற்கும் அந்த வாரங்களை உள்ளூர்க்காரர்கள் 'ஸ்டிக் சீசன்' என்பார்கள். டிசம்பர் கடைசியில் மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும் இரவுகள் உண்டு.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் 'மட் சீசன்', சேற்றுக் காலம். மாநிலத்தின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலைகள். குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த மண், மேலிருந்து உருகத் தொடங்கும். அடியில் இன்னும் பனிக்கட்டியாக இருப்பதால் உருகிய நீர் கீழே இறங்காது. சாலை களிமண் குழம்பாகி, வண்டி அச்சு வரை புதையும். சாலை நாசமாகாமல் இருக்க, கனரக வண்டிகளுக்கு ஊர்கள் அந்த வாரங்களில் தடை போடும். எண்ணெயும் புரோப்பேனும் முன்கூட்டியே நிரப்பிக்கொள்வது அதனால்தான். அந்த வாரங்களின் இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்துதான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்க வைக்கின்றன. ஏறத்தாழ 40 காலன் சாறு காய்ச்சினால் ஒரு காலன் பாகு. அமெரிக்காவில் உற்பத்தியாகும் மேப்பிள் பாகில் சுமார் பாதி இந்தச் சின்ன மாநிலத்தின் உழைப்பு. சேற்றையும் பாகையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ள மனம் இருந்தால், அந்த மாதமே உங்களுக்குப் பிடித்த மாதமாகிவிடும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். இணைய இணைப்பை "அந்த ஊரில் இருக்கிறது" என்ற பேச்சை நம்பி முடிவு செய்யாதீர்கள். குறிப்பிட்ட அந்த வீட்டு முகவரிக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கைபேசி சிக்னலே இல்லாத பள்ளத்தாக்குகள் இன்றும் உண்டு. தனியார் நிறுவனங்கள் வராத இடங்களில் ஊர்களே ஒன்றுசேர்ந்து கண்ணாடி இழை இணைப்பு போட்டுக்கொண்டன. 2008-இல் ஊர்க் கூட்டங்களின் வாக்கெடுப்பில் உருவான 'ஈசிஃபைபர்' அதற்கு ஒரு நல்ல உதாரணம்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடே பணியிடம் என்றாலும், அது வேறு நகர வட்டாரத்துக்கு மாறினால், நிறுவனம் முன்கூட்டியே திருத்த மனு தாக்கல் செய்ய வேண்டும். வெர்மான்ட்டில் சம்பள வரி பிடித்தம் செய்ய நிறுவனம் அங்கே பதிவு செய்தாக வேண்டும். ஆகவே முதலில் மனிதவளத் துறையிடம் பேசுங்கள், பிறகு வீட்டு முகவரிடம் பேசலாம். இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்பதையும் யோசித்து வையுங்கள். எசெக்ஸ் ஜங்ஷனில் குளோபல்ஃபவுண்டரீஸ் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை இருக்கிறது. பர்லிங்டனில் பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் தொழில்நுட்ப வேலைகள் மிகக் குறைவு.

மருத்துவம் இன்னும் முக்கியம். பெரிய சிகிச்சை என்றால் பர்லிங்டனிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனை, அல்லது எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அப்பால் நியூஹாம்ப்ஷயரின் லெபனானில் உள்ள டார்ட்மத் மருத்துவமனை. பல ஊர்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கர்ப்பிணிகள் இருக்கும் வீடு, நாள்பட்ட நோய் உள்ளவர் இருக்கும் வீடு, இந்தத் தூரத்தை ஒரு பனி இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்றால், அவர்களை நினைத்துப் பாருங்கள். நடைபாதை இல்லை, பேருந்து இல்லை, பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கத்தில் தமிழர் இல்லை. நாம் வண்டி எடுத்தால்தான் அவர்களுக்கு வெளியுலகம்.

அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் வெள்ளையர். உங்கள் பிள்ளை வகுப்பில் ஒரே இந்தியக் குழந்தையாக இருக்கக்கூடும். பர்லிங்டன், வினூஸ்கி வட்டாரத்தில் பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேபாளி மொழிக் குடும்பங்கள் குடியேறியிருப்பதால், பருப்பும் மசாலாவும் அங்கே கிடைக்கும். கோயில் என்றால் மாசசூசெட்ஸில் உள்ள ஆஷ்லேண்ட் ஸ்ரீ லக்ஷ்மி கோயில் இருக்கிறது. பர்லிங்டன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லை தாண்டி மான்ட்ரியால் கிட்ட. அங்கே ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள், முருகன் கோயில் இருக்கிறது. கனடாவுக்குள் போய்வர உரிய ஆவணங்கள் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது ஆற்றைப் பாருங்கள். மலை மாநிலம் என்பதால் சமதளம் ஆற்றோரத்தில்தான் இருக்கிறது, பழைய ஊர்களும் அங்கேதான் எழுந்தன. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் மழையில் 13 ஊர்கள் சாலைத் தொடர்பே இல்லாமல் துண்டிக்கப்பட்டன. 2023 ஜூலையில் மான்ட்பீலியரின் நகர மையமே நீரில் நின்றது. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2024 ஜூலையில் மாநிலத்தின் பல பகுதிகளில் மறுபடியும் வெள்ளம். வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளங்களிலிருந்து மக்கள் எப்படி மீண்டார்கள்? அக்கம்பக்கத்தார் டிராக்டரையும் மண்வாரியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சேர்ந்து சமைத்தார்கள், ஒருவர் வீட்டுச் சேற்றை இன்னொருவர் வாரினார். இதுதான் கிராமப்புற வாழ்க்கையின் உயிர்நாடி. பெரும்பாலான ஊர்களில் தீயணைப்புப் படை தன்னார்வலர்களால் ஆனது. நள்ளிரவில் உங்கள் வீட்டுக்கு ஓடிவருகிறவர் பகலில் மரக்கடையில் நீங்கள் பார்த்த மனிதராக இருக்கலாம். மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய் அங்கே ஊர்க் கூட்ட நாள். பல ஊர்களில் பள்ளி மண்டபத்திலோ ஊர் மண்டபத்திலோ மக்கள் கூடி, சாலைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு, புதுத் தீயணைப்பு வண்டி வாங்கலாமா என்று நேருக்கு நேர் பேசி முடிவெடுக்கிறார்கள். தனிமை தேடி அங்கே போகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் அதிகம் நம்பி வாழ்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. வாங்கும் முன் ஒரு குளிர்காலமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வீடு கிடைப்பது அங்கே கடினம்தான். முடியாவிட்டால் நவம்பரிலும் மார்ச் கடைசியிலும் இரண்டிரண்டு வாரம் தங்குங்கள். சுற்றுலாப் பயணியாகத் தங்க வேண்டாம். அங்கிருந்தே அலுவலக வேலை பாருங்கள், சமையுங்கள், குப்பை கொண்டுபோங்கள், இருட்டில் வண்டி ஓட்டுங்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் ஆசைக்கு மற்றவர்கள் தலையாட்டும் குடும்பம், இரண்டாவது குளிர்காலத்தில் பிரச்சினையைச் சந்திக்கும். விறகு அடுக்குவதும் பாதை சீர்செய்வதும் வாழ்க்கைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் நகரத்திலேயே இருங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. கோடை விடுமுறைக்குப் போய் வரலாம். அந்த வேலைகளிலேயே நாளின் நிறைவு கிடைக்கிறது என்று தோன்றினால், அந்த மண் உங்களுக்கு நிறையத் தரும்.

அக்டோபரில் வந்துபோகிறவர்களால் வெர்மான்ட்டுக்கு வருமானம். மார்ச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வந்து உட்காருகிறவர்கள்தான் அந்த ஊர்களை நடத்துகிறார்கள். அப்படி வந்து உட்காரவும், கை உயர்த்தவும், நாலு பேருக்கு உதவவும் விருப்பமுள்ள குடும்பம் தயங்காமல் போகலாம்.