பிரட்டுக்களத்தில் டென்னிஸ்

ஆகஸ்டு விடுமுறையில் கொழும்புச் சிறுவர்க்குப் பகல்நேர டென்னிஸ் முகாம்கள் உண்டு. ஊவாவிலோ, வறண்ட காற்றில் தேயிலைக்கு மணமேறும் பருவம் அது. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறிவிட, பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டப் பிள்ளைகள் லயங்களில் தனித்திருப்பர்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே இம்மலைகளில் டென்னிஸ் இருந்தது. ஆனால் அது கிளப்புக்கும் பங்களாவுக்கும் உரியது. லயத்துப் பிள்ளைக்கு வாய்த்ததென்றால் பந்து பொறுக்கும் வேலையே. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆட்டமோ லயத்துக்கு இறங்கி வரவில்லை.

சரிவில் ஏது சமதரை என்பர். முழுத்தளம் ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுடையது, மெய்தான். ஆயின் சிறுவர்க்கான தளத்துக்கு 11 மீட்டர் போதும். அதில் ஆடும் சிவப்புப் பந்து மெதுவாகச் செல்லும், தாழவே எழும்பும். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகங்குறைந்த பந்துகளே வேண்டுமென 2012 முதல் சர்வதேச விதியும் உண்டு. காலைப் பிரட்டு முடிந்தபின் வெறிச்சோடிக் கிடக்கும் களத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, வலைக்குப் பதிலாகக் கயிறு கட்டினால் தளம் ஆயிற்று. மூத்த பிள்ளைகட்கு முழுத்தளமே வேண்டும். அவர்களை நகருக்கு ஏற்றிச்செல்லத் தோட்டத்து லொறி வேண்டும்.

பிரட்டுக்கு வரும் தாய் பிள்ளையை அங்கேயே விட்டு, மாலையில் கொழுந்து நிறுத்தபின் அழைத்துச் செல்லலாம். நடுப்பகல் உணவு யார் பொறுப்பு என்பதை நிர்வாகமும் பெற்றோரும் முதலில் பேசித் தீர்க்கட்டும். மட்டை வாங்குவது அதற்கப்புறம்.